கால் சுவிட்ச்

என் வீட்டுக்காரருக்கு உருப்படியாக இருப்பது ஒரு கைதான். இடது கையில் இரண்டு விரல்கள் பல வருடங்களுக்கு முன் நிட்டிங் மிஷின் பெல்ட்டில் சிக்கி மடங்கின. மடங்கியது மடங்கியதுதான், நிமிரவே இல்லை. சோறு பிசைவது, மொபெட்டை முறுக்குவது, சட்டைக்குப் பித்தான் போடுவது எல்லாம் வலது கைதான். அந்த ஒரு கையையும் ஒரு நாள் நான் பறிக்க இருந்தேன். தெரியாமல் நடந்தது பாதி, தெரிந்தே நடந்தது பாதி.

நாங்கள் இருவரும் சேர்ந்து அடைப்பு எடுக்கும் வேலை பார்க்கிறோம். பனியன் கம்பெனி, மெஸ், லைன் வீடு என்று தரையில் தண்ணீர் போகும் துளை எங்கே அடைத்துக்கொண்டாலும் எங்களுக்குப் போன் வரும். அடைப்பு எடுக்கும் மிஷினை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு போய்விடுவோம். அது பெரிய விஷயமொன்றும் இல்லை. சோற்றுப் பானை அளவுக்கு ஒரு டிரம், அதற்குள் சுருண்டு கிடக்கும் நீளமான ஸ்பிரிங் கம்பி, பின்னால் ஒரு மோட்டார். மோட்டார் ஓடினால் கம்பி சுழலும். சுழலும் கம்பியைக் கையில் பிடித்துக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அது அவர் வேலை. மோட்டாரை ஓட்ட தரையில் ரப்பரால் ஒரு கால் சுவிட்ச் கிடக்கும். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அது என் வேலை.

மிஷினை விற்றவர் இரண்டே விஷயம் சொன்னார். "கம்பி சிக்குனா அந்த நிமிசமே காலை எடுத்துருங்கக்கா. அப்புறம், துணியைச் சுத்திக்கிட்டு மட்டும் கம்பியைப் புடிக்கவே கூடாது. துணி சிக்குனா கையோட சேத்து முறுக்கிப் போட்டுரும்." அவர் கோயம்புத்தூர்க்காரர். திருப்பூரில் துணி சுற்றாத கையே கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே சூடான பாத்திரம் இறக்க, எண்ணெய் துடைக்க, ஒழுகும் குழாயைக் கட்ட, எல்லாவற்றுக்கும் கம்பெனிகள் கழித்துப்போடும் துணி, பனியன் வேஸ்ட்தான். எங்கே திரும்பினாலும் ஒரு மூட்டை கிடக்கும். கை தானாகப் போய் அள்ளும்.

அன்று அருள்புரத்தில் ஒரு கம்பெனி. அயர்ன் டேபிள்களை ஒட்டிய நடையில், பெண்கள் கை கழுவும் இடத்துக்குக் கீழே இருந்த துளை எதுக்களித்துக்கொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர் தரையில் பரவி, செக்கிங் முடித்து அடுக்கியிருந்த பனியன் பீஸ் கட்டுகளை நோக்கி நகர்ந்தது. மேனேஜர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கக்கா, பன்னெண்டு மணிக்குக் கம்பெனியச் சுத்திப் பாக்க ஆடிட்காரங்க வந்துருவாங்க. கொஞ்சம் வெரசலாப் பாருங்க."

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இதையே சொன்னார். ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு நான் ஏற்கெனவே கோபத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரரின் வலது கை ரப்பர் உறை கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தது. புதிது வாங்குங்கள் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை கிளம்பும்போதும் சொன்னேன்.

"ஏட்டி, எப்பப் பாரு நொய்நொய்யின்னு. எங் கைய எனக்குப் பாத்துக்கிடத் தெரியாதா?" என்றார். இனி செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

கம்பி பத்தடி போயிருக்கும். சோப்புத் தண்ணீர் கிழிசல் வழியாக உள்ளே புகுந்து உறை வழுக்கியது. இரண்டு முறை கம்பி அவர் பிடியிலிருந்து நழுவியது. கையை உதறினார், உறையைக் கழற்றி எறிந்தார். பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை உருவி, உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றினார். பல்லால் இழுத்து முடிச்சும் போட்டார்.

நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். மிஷின்காரர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. 'பட்டால்தான் புத்தி வரும், படட்டும்' என்று நினைத்து விழுங்கினேன். பட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கணத்தில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. கோபத்துக்குக் கண் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

"மிதி" என்றார். மிதித்தேன்.

கம்பி உள்ளே எதிலோ குத்தி நின்றது. மோட்டார் சத்தம் மாறியது, உறுமலாக. வெளியே இருந்த கம்பி வளைந்து ஒரு சுருக்கு விழுந்தது. துணியின் ஒரு நுனி ஸ்பிரிங் இடுக்கில் மாட்டியதைக் கண்ணால் கண்டேன். கண்டதும் இழுத்துக்கொண்டது. அவர் கை திரும்பியது, மணிக்கட்டு திரும்பியது, முழங்கை திரும்பியது. ஆள் முட்டி போட்டுத் தண்ணீரில் விழுந்தார்.

"காலை எடு! ஏட்டி, காலை எடு!"

நான் நிறுத்தத்தான் பார்த்தேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மிஷினில், தைத்தவள். அந்த மிஷினில் முன்னங்காலை அழுத்தினால் ஓடும். நிறுத்தி நூலை வெட்ட வேண்டுமென்றால் குதிகாலைப் பின்னால் அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பேனோ. ஊசி விரலில் ஏறும்போதும், பீஸ் கோணும்போதும், பயம் வந்தாலே என் வலது குதிகால் தானாகக் கீழே போகும். அன்றும் போனது. கால் சுவிட்சுக்கு முன்னங்கால் எது, குதிகால் எது என்று தெரியுமா? அவர் கத்தக் கத்த நான் நிறுத்துவதாக நினைத்து இன்னும் ஓங்கி அழுத்தினேன். கம்பி இன்னும் சுற்றியது. அவர் குரல் நின்று போனது. அதுதான் எனக்கு இன்றும் கனவில் வருகிறது, அந்தச் சத்தமில்லாத வாய்.

மோட்டார் நின்றது. மேனேஜர் ஓடிப் போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கியிருந்தார். செருப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு. காலையிலிருந்து மனதுக்குள் நான் திட்டிய அத்தனைக்கும் அந்த ஆளிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன்.

துணி கயிறாக முறுகி அவர் கையில் புதைந்திருந்தது. விரல்கள் நீலம். செக்கிங் டேபிளிலிருந்து நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சதை எது, துணி எது என்று தெரியாமல் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். "பதறாத, மெதுவா" என்று அவர்தான் எனக்குச் சொன்னார். கடைசி இழை அறுந்ததும் விரல்களில் மெல்ல ரத்த ஓட்டம் வந்தது. "மடக்குங்க, அத்தான், மடக்குங்க" என்று கெஞ்சினேன். சுண்டுவிரல் மடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக. நான் அந்தக் கறுப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"என்னாச்சுங்கண்ணா, எப்புடிங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"துணி சிக்கிட்டுங்க. எம்மேலதான் தப்பு" என்றார் இவர். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடைப்பை அன்று நாங்கள் எடுக்கவில்லை. ஆடிட் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வேறு ஆள் போய் எடுத்ததாகவும், உள்ளேயிருந்து வந்தது ஒரு பந்து பனியன் வேஸ்ட் என்றும் மேனேஜர் போனில் சொன்னார். நாற்றம் வராமலிருக்க யாரோ துளையில் திணித்திருக்கிறார்கள். நானும் டெய்லராக இருந்தபோது அப்படித் திணித்தவள்தான்.

அன்றே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு உடையவில்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மொபெட்டைக் கம்பெனியிலேயே விட்டிருந்ததால், வீடு இருக்கும் நல்லூருக்குப் பஸ் ஏறினோம். பஸ் குலுங்கும்போது வலிக்கும் என்று கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு மனது கேட்கவில்லை.

"அத்தான், நான் காலை எடுக்கல. இன்னும் அமுக்குனேன்."

"தெரியும்" என்றார். "ஒங் குதிகாலப் பாத்தேன். தையல்காரி காலு அப்படித்தான போகும். விடு."

அதோடு விட்டிருக்கலாம். முழுதாகச் சொல்லாவிட்டால் இந்த ஆளின் முகத்தில் இனி விழிக்க முடியாது என்று தோன்றியது.

"நீங்க துணியைச் சுத்தும்போதே பாத்தேன். வேணும்னேதான் சொல்லல. கோவத்துல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட கையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நல்லூர் வரும்வரை ஜன்னலைத்தான் பார்த்தார்.

கட்டுப் பிரித்தபின் முதல் வேலை பெருமாநல்லூரில் ஒரு மெஸ். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் சுவிட்சுக்குப் பக்கத்தில் இடது காலை முன்னால் வைத்து நின்றேன். மிஷினை நிறுத்தக் குதிகாலை அழுத்திப் பழகியது வலது கால்தான், இடது காலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் புதிய ரப்பர் உறைகளைப் போட்டார். கம்பியைத் தொடவில்லை. நேராக என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பார்த்தேன். விரலிடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாம் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். நான் வாய் திறந்து "நல்லாருக்கு" என்று சொல்லும்வரை அவர் கைகளை இறக்கவில்லை.