ஸ்டெல்லாவுக்கு நூற்றுக்குப் பதினெட்டு

"பார், பார், இனிக் கோப்பி ஊத்தப் போறாள்!" இஸ்திரிப்பெட்டியைச் சட்டைக் கொலரில் அழுத்தியபடி குணவதி அக்கா தொலைக்காட்சியை வைகிறார்.

சனிக்கிழமை மாலை, கிளென்ஃபீல்டில் அவருடைய வீட்டு முன்னறை. அமெரிக்கத் தொடர் ஓடுகிறது. நாயகி ஸ்டெல்லா கவசம் பூட்டினால் லொறியை ஒற்றைக் கையால் தூக்குவாள். கழற்றினால் அலுவலகத்தில் மேலாளருக்குக் கோப்பி ஊற்றுவாள்.

"உதென்ன கண்டறியாத பெண் விடுதலை? கள்ளனைத் துரத்தேக்கையும் குதி உயர்ந்த சப்பாத்து! சமத்துவம் எண்டு ரெண்டு வசனம் பேசுவாள், பிறகு அந்த மேலாளர் சொன்ன இடத்துக்கு ஓடுவாள்."

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஷோ," என்பாள் ஒன்பது வயது மகள் கௌரி.

"ஷோவோ? நீ உதைப் பாத்துத்தானே வளருறாய்!"

சரி, நிறுத்திவிடலாமே என்றால், "நிப்பாட்டினால் ஆர் பிழை பிடிக்கிறது?" என்று பக்கத்து வீட்டுக்காரியான என்மீது பாய்வார். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவர். இங்கே பேக்கரியில் பாண் பொதி செய்கிறார். ஒவ்வொரு வாரமும் தொடருக்கு நாட்காட்டியில் சிவப்பு மையால் புள்ளி போடுவார். இதுவரை அதிகபட்சம் பதினெட்டு. அதுவும் அந்த வாரம் மேலாளர் காய்ச்சலில் கிடந்ததால்தான்.

நகரத்தின் மறுகோடியில், பாபகூராவில் ஒரு பள்ளிக்கூடம் அவரைக் கணித ஆசிரியையாக எடுக்கத் தயார். திங்கட்கிழமைக்குள் மறுமொழி சொல்லவேண்டும். பஸ்ஸும் ரயிலும் மாறிப் போனால் முதல் மணிக்குப் போய்ச் சேரமுடியாது, கார் ஓடித்தான் ஆகவேண்டும். கணவர் ஆனந்தராசா அண்ணை கார் வாங்கிவிட்டார். ஆனால் லைசன்ஸ் சோதனையில் இரண்டு தரம் தவறிவிட்டார். அக்காவோ என் காரில் பழகி, முதல் தரமே சித்தியடைந்து மூன்று வாரமாகிறது. வீட்டில் மூச்சுவிடவில்லை.

"முதல் அவர் பாஸ் பண்ணட்டும், பிள்ளை. பாவம், மனுசன் சோர்ந்து போவார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையல்லவா கைவிட்டுப் போகிறது!

இந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லாவின் காதலன் ஒரு ரவுடியிடம் அடிவாங்கினான். அவனுடைய மனம் நோகக்கூடாதென்று அவள் மயங்கி விழுந்ததுபோல் கிடந்து, மறைவாகக் காலால் ரவுடியைத் தட்டி விழுத்தினாள். பதக்கம் அவனுக்கு.

"எழும்படி!" அக்கா கத்தினார். "இவ்வளவு பலத்தையும் வைச்சுக்கொண்டு படுத்துக் கிடக்கிறாள், வெக்கங்கெட்டவள்!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "நீங்களும் உதைத்தானே அக்கா செய்யிறியள்? திங்கட்கிழமை என்ன மறுமொழி சொல்லப் போறியள்?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. வாயைக் கொடுத்துக் கெடுத்தேனே என்று நான் விழித்துக்கொண்டிருக்க, இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கைப்பையோடு வெளியே நடந்தார். பின்னால் ஓடினேன்.

பற்றரி இறந்துவிடுமென்று ஆனந்தராசா அண்ணை கராஜில் காரைச் சும்மா உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, லைசன்ஸை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ."