கேட்டால் கிடைக்காத கொடி

உல்லன் நூலில் வெள்ளைக் கோந்து ஊறினால் லேசாகப் புளித்த வாசனை வரும். இன்றைக்குக் காலையில் என் மனைவி செல்வி ஒரு பழைய பாட்டிலில் பிரிந்துபோன நூலை ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்ததும் பழங்காநத்தத்தில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த ஃபிளாட் கண் முன்னால் வந்து நின்றது...

இரண்டாவது மாடி. பால்கனியில் ஒரு முழ அகலத்துக்கு வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். செடி வைத்தால் துணி காயப் போட இடம் இருக்காது.

குடிவந்தபோது செல்வி வயிற்றில் குழந்தை இருந்தது. ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் அவள் மடியில் மஞ்சள் நூற்கண்டு கிடக்கும். குழந்தைக்குக் குல்லா பின்னிக்கொண்டிருப்பாள். மதுரை வெயிலுக்கு எந்தப் பிள்ளை உல்லன் குல்லா போடும் என்று நான் கிண்டல் செய்வேன்.

எட்டாம் மாசம்... குழந்தை தங்கவில்லை.

பாதிக் குல்லாவை பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி இருந்தேன்.

அதற்கப்புறம் மேலூரில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. எல்லாப் பெண்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னார்கள். செல்வியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் சரோஜா அக்கா இருந்தார். பள்ளிக்கூட டீச்சர். பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். அவர் வாசலில், பெயின்ட் டப்பாவில் ஒரு மணி பிளான்ட். படிக்கட்டுக் கம்பி முழுக்கச் சுற்றிக்கொண்டு கிடக்கும்.

ஒருநாள் செல்வி தானாகவே போய், "அக்கா, இதுல ஒரு கொடி தாரீகளா? பாட்டில்ல போட்டு வைக்கணும்" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் அது.

"அதெல்லாம் கேட்டா தர மாட்டேன் தாயி." சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

செல்வி கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "என் கை ராசியில்லாத கைன்னு அவுகளும் நெனைக்கிறாக போல..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா என்னைப் படியில் மறித்தார். "தம்பி, நாளைக்கு வாடிப்பட்டில ஒரு விசேஷம். பொழுதடைஞ்சுதான் வருவோம். செடி வெளியதான் இருக்கும். கத்திரிக்கோலும் அங்கிட்டுத்தான் கெடக்கும்."

"சரிக்கா, பாத்துக்கிறேன்" என்றேன், கடுப்போடு. கொடி தர மனசில்லை, காவலுக்கு மட்டும் நான் வேண்டுமாக்கும்...

வீட்டுக்குள் வந்து புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்த செல்வி, "கத்திரிக்கோலுமா?" என்றாள். சட்டென்று எழுந்தாள்.

"ஐயோ... மணி பிளான்ட்ட கேட்டு வாங்குனா வராதுங்க. களவாண்டு வச்சாத்தான் தழையும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்கு மறந்தே போச்சே!"

துக்கம் மனுஷரை என்னவெல்லாம் மறக்க வைத்துவிடுகிறது.

மறுநாள் நான் படியில் காவல் நின்றேன், அவள் நறுக்கினாள். ஒரு சாண் கொடிக்கு இரண்டு பேரும் களவாணி ஆனோம்.

ஜாம் பாட்டிலைக் கழுவி எடுத்து வைத்தாள். பிறகு பீரோவைத் திறந்து அந்தக் குல்லாவை எடுத்தாள். நூல் நூலாகப் பிரித்தாள். கோந்து தடவி, அந்த மஞ்சள் நூலைப் பாட்டிலின் கழுத்திலிருந்து அடி வரைக்கும் நெருக்கமாகச் சுற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்து அக்கா வந்தார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"எந்தக் களவாணியோ எங் கொடிய நறுக்கிட்டுப் போயிட்டாளே! நல்லா இருப்பா மவராசி! அவ கைபட்டு அம்புட்டும் தழைஞ்சு கெடக்கட்டும்!"

கதவுக்கு இந்தப் பக்கம் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை.

கொடி வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அதற்குப் பிறகும் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஆனால் வீடு முழுக்கப் பாட்டில்கள் வந்தன. சணல் சுற்றியது, உடைந்த வளையல் ஒட்டியது, கொட்டாங்குச்சியில் வைத்துக் கயிற்றில் தொங்கவிட்டது... எல்லாவற்றிலும் அந்த ஒரே கொடியின் பிள்ளைகள்.

இப்போது வேறு அபார்ட்மென்ட். லிஃப்ட் இருக்கிறது, காரிடாரில் கேமரா இருக்கிறது. செடி வேண்டுமென்றால் போனில் ஆர்டர் போட்டால் பீங்கான் தொட்டியோடு வாசலுக்கு வந்துவிடுகிறது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை, திருடுவதும் இல்லை. சரோஜா அக்கா ரிட்டையர் ஆகி மகள் வீட்டோடு போய்விட்டார்.

நூல் வெளுத்துப்போன அந்த மஞ்சள் பாட்டிலை செல்வி இங்கேயும் வாசலுக்கு வெளியேதான் வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னக் கத்திரிக்கோல். வருஷக்கணக்கில் யாரும் அதைத் தொட்டதில்லை. தினமும் கோலம் போடப் போகும்போது கொடியின் நுனியை ஒரு பார்வை பார்ப்பாள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில் நுனியைக் காணோம். யாரோ அவசரமாக நகத்தால் கிள்ளியிருந்தார்கள்.

இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. கேமராவைப் பார்க்க முடியுமா என்று அபார்ட்மென்ட் குரூப்பில் டைப் அடிக்க ஆரம்பித்தேன். செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சும்மா இருங்க... எங் கொடியவும் ஒருத்தி களவாண்டுருக்கா."

பிறகு காரிடாரில் போய் நின்றாள். சத்தம் போட்டுப் பேசியே அறியாதவள்... "எந்தக் களவாணியோ..." என்று ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"எந்தக் களவாணியோ எங் கொடியக் கிள்ளிட்டுப் போயிட்டாளே! நல்லா இருப்பா மவராசி!"