அடுப்பில்லாத சல்சா

சர்க்கரை வந்ததும் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எனக்கோ தனியாக நடப்பதென்றால் சலிப்பு. கள்ளக்குறிச்சியில் என் தையல் கடைக்கு மேல்மாடியில் ஓர் இளம்பெண் சல்சா நடன வகுப்பு தொடங்கியிருந்தாள். ரவிக்கை தைக்க வந்தவள், "நீங்களும் வாங்கக்கா" என்றாள். சேர்ந்துவிட்டேன்.

கச்சிராயபாளையத்தில் விவசாயம் பார்க்கும் என் கணவரிடம், "சல்சா கிளாஸுக்குப் போறேங்க, வர லேட்டாவும்" என்று மட்டும் சொன்னேன். ஐம்பது வயதில் ஆட்டம் என்று சொல்லக் கூச்சம். பெங்களூரிலிருந்து எங்கள் மகள் ஒருமுறை சல்சா பாட்டில் வாங்கி வந்திருந்தாள். தக்காளியும் மிளகாயும் போட்ட அந்தச் சமாச்சாரத்தைத்தான் நான் கற்பதாக அவர் நினைத்திருக்கிறார்.

ஒரு மாலை வகுப்பின் நடுவே கதவு திறந்தது. தோளில் துண்டும் கையில் ஒரு கூடை தக்காளியுமாக அவர் நின்றார். பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"இன்னா இது, அடுப்பையே காணோம்?"

பெண்கள் சிரித்தார்கள். கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். டீச்சர் பாட்டைக் குறைத்தாள்.

"ஸ்பானிஷ்ல சல்சான்னா தொட்டுக்கிற சாஸுதாங்க சார். பல ஊரு தாளம் கலந்த பாட்டு, அதான் இதுக்கும் அந்தப் பேரு வந்துச்சும்பாங்க. ஆட்டத்துக்கும் அதே பேரு."

அவர் ஸ்பீக்கரையே பார்த்தார். "நடுவுல டக்கு டக்குன்னு கேக்குதே?"

"ரெண்டு கட்டைய தட்டறாங்க சார்."

கூடையை இறக்கிவிட்டு அதன் விளிம்பில் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது ஜோடியா ஆடறதா?"

"ஆமாங்க."

"அப்ப இவளுக்கு யாரு ஜோடி?"

யாரும் பதில் சொல்லுமுன் செருப்பைக் கழற்றினார். நாலு பேர் எதிரில் அவர் என் கையைப் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். இரண்டு முறை என் காலை மிதித்தார். அந்தக் கையில் தக்காளிச் செடியின் பச்சை வாசம். நான் வலியை மறந்து சிரித்தேன்.

வண்டியில் திரும்பும்போது கேட்டார்: "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பீங்கன்னுதான்."

"சிரிச்சா இன்னா? வந்திருப்பேன் இல்ல?"

அதற்குப் பிறகு இருவருமே போனோம். போன மாதம் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி போனில் பாட்டு வைத்தார். சாலையோரம் ஆடினோம். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"கத்துக்கினு இருக்கோம்மா" என்றார் அவர், அடி தவறியபடி. அவள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை நின்றாள்.