எங்களைக் கடித்த நாய்க்குப் பத்து நாள் காவல்

பிள்ளைகளா, போன வருசம் அப்பா இருமல் என்று பொய் சொல்லிவிட்டு, பத்து நாள் உங்கள் பக்கத்தில் படுக்காமல், டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு திரிந்தேனே, அதன் காரணத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கோர்ட் வாசலில் ஒரு தெருநாய் என் காலைக் கடித்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசிக்கு நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் பால்கோவா கிண்டுகிற அக்கா. இன்னொருவர் வாய்தாவுக்கு வந்த ராஜபாளையத்து மில்காரர். பேசிப் பார்த்ததில் மூவரையும் கடித்தது ஒரே நாய்.

"எங்க ஊரு நாய்க்கு எம்புட்டுப் பேரு. நான் போயி இந்தச் சொறிநாய்ட்ட கடி வாங்கியிருக்கேன்" என்று மில்காரர் நொந்துகொண்டார். நான் ஊசியைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா என் தோளைத் தட்டி, "பயப்படாத தம்பி, எறும்பு கடிச்சாப்புலதான் இருக்கும்" என்றார்.

டாக்டர் ஊசியை விடாமல் போடச் சொன்னார். நாயையும் பத்து நாள் கவனியுங்கள், அது நன்றாக இருந்தால் பயமில்லை என்றார்.

அன்றிலிருந்து அந்த நாயின் உயிரில்தான் எங்கள் உயிர் இருந்தது. தினமும் காலையில் கோர்ட் வாசலில் கூடுவோம். மில்காரர் பஸ் பிடித்து வந்துவிடுவார். வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டு பயம் வருமாமே, அதனால் முதலில் ஒருவர் முன் ஒருவர் தண்ணீர் குடித்துக் காட்டுவோம். எனக்குப் புரையேறிய அன்று இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். பிறகு நாய்க்குச் சாப்பாடு. நான் பன், மில்காரர் முட்டை, அக்கா பால்கோவா.

எட்டாம் நாள் நாயைக் காணோம். தேடினால் மதில் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. அக்கா அழுதேவிட்டார். எனக்கு உங்கள் முகம்தான் வந்து நின்றது. சாக்கில் கிடத்தி, ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

யார் வீட்டு நாய் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"எங்க மூணு பேத்தையும் கடிச்ச நாய் சார். இன்னும் ரெண்டு நாளைக்காவது உசுரோட வேணும்" என்றார் மில்காரர்.

என்ன கொடுத்தீர்கள் என்று விசாரித்த டாக்டர், பால்கோவா என்றதும் திட்டினார். வயிறுதான் கெட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். அவர் ஊசியை எடுத்தார்.

"பயப்படாத தம்பி, எறும்பு கடிச்சாப்புலதான் இருக்கும்" என்றார் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை, அது எழுந்து மில்காரரைத் துரத்தியது. அவர் சிரித்துக்கொண்டே ஓடினார். அக்கா கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். ஜன்னலில் தனியாக வைத்திருந்த என் டம்ளரை இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, உங்கள் டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தேன்.