அப்பத்தை ஏசிய காலம்

நாவற்குடாவில் என்னைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் பஸ்ஸால் இறங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. பட்டணத்தில் மூட்டை சுமந்தேன், லொறியில் கிளீனராகப் போனேன், கடைசியில் சொந்தமாகச் சீமெந்துக் கல் அரியும் வாடி போட்டேன். இங்கே தொடங்கித் தேற்றாத்தீவு வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவரில் என்னுடைய கல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் அதில் வந்து குடியிருப்பவன். மனைவியின் சீதன வீட்டுக்கு மேல்மாடி கட்டியவன் நான் என்பதால், மேல்மாடி என்னுடையது என்று சொல்வேன். "படி என்ட வீட்டுக்குள்ளாலதானே ஏறுது" என்பாள் அவள்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. நல்ல வார்த்தை சொல்லி ஆட்களை நிமிர்த்துகிற வேலையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் என்னை விஞ்ச ஆளில்லை. அது எப்படி வந்தது என்றுதான் எழுதுகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் வந்த கதையை நான் எழுதத் தேவையில்லை. கரையில் தப்பிய சனம், நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிப் பக்கமாகத் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். ஒரு ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் சொன்னார்: அரிசி கொடுத்தோம், பாய் கொடுத்தோம், வெளிநாட்டுக்காரர் எங்களைவிடக் கூடவே கொடுக்கிறார்கள். ஆனால் மனம் விட்டுப்போன ஒருவரைத் தேற்றும் வார்த்தையைக் கப்பலில் அனுப்ப முடியாது, அதை நாங்கள்தான் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு விசுவாசியும் கிழமைக்கு ஒருவரிடமாவது போய் நல்லதாக ஒரு வார்த்தை பேசுங்கள் என்றார்.

நான் அதை ஒரு கட்டட வேலைக் கொந்தராத்து மாதிரி எடுத்துக்கொண்டேன். கிழமைக்கு ஒருவர் எனக்கு எந்த மூலைக்கு?

முதலில் வாடியில் பழகிப் பார்த்தேன். கலவை போடுகிற ஆளிடம் போய், உன்னைப் போலக் கலவை போட இந்த மாவட்டத்திலேயே ஆளில்லை என்றேன். காலமெல்லாம் என்னிடம் ஏச்சு வாங்கிப் பழகிய மனுசன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். நான் என்ன பிழை செய்தேன், வேலையால் நிற்பாட்டப் போகிறீர்களா என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது. கலவையில் தண்ணீர் கூடிப்போச்சு என்று நான் பழைய குரலில் கத்திய பிறகுதான் மண்வெட்டியைத் தூக்கினான்.

சரி, இவன் பழகின ஆள், பழகாதவர்களிடம் போவோம் என்று கொட்டில்களுக்குப் போனேன். ஒரு தாயின் மடியில் கைக்குழந்தை. "என்ன கொழுகொழு எண்டு புள்ள" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடினாள். அடுத்த முறை போனபோது அதன் கன்னத்தில் கோழிமுட்டை அளவில் கறுப்புப் பொட்டு. தோணிக்காரர் ஒருவருக்கு ஆற்றில் நிறைய மீன் பட்டிருந்தது. அவருடைய கைராசியைப் பற்றி நாலு பேர் கேட்கப் பேசினேன். மறுநாள் அவருடைய வலை கரையோரக் கண்ணா மரத்தின் வேரில் சிக்கிக் கிழிந்தது. அதற்குப் பிறகு நான் வருவது தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள், ஆட்டைக் கொட்டிலுக்குப் பின்னால் கட்டினார்கள். நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். பெரிய மனுசன் வீடு தேடி வந்தால் சனம் கூசத்தான் செய்யும்.

அந்தக் கொட்டில்களில் ஒரு பெண் இருந்தாள். புருசனைக் கடல் கொண்டுபோய்விட்டது. சின்ன மகளோடு தனியாக இருந்தாள். மாதக்கணக்காக யாரோடும் பேசாமல் இருந்தவள், ஒருநாள் தானாக எழும்பி, யாரிடமோ ஒரு அப்பச்சட்டி இரவல் வாங்கி, வாசலில் அடுப்பு மூட்டினாள். கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாவு. விடியற்காலையில் அந்த மணம் ஆறு வரைக்கும் போகும். சனம் வரிசையில் நின்று வாங்கியது. அந்த அடுப்புத்தான் அவளுக்கும் பிள்ளைக்கும் சோறு. அதைவிட, அவள் வாய் திறந்து ஆட்களோடு கதைத்ததும் அந்த அடுப்பு மூட்டிய பிறகுதான்.

இது அல்லவா எனக்கு வேலை என்று நானும் போனேன். பால் அப்பம் ஒன்று தின்றேன், இன்னொன்று தின்றேன். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைச் சரிப்படுத்திக்கொண்டு சொன்னேன்: "நான் கொழும்பிலயும் திண்டிரிக்கன், கண்டியிலயும் திண்டிரிக்கன். இப்படி அப்பம் என்ட சீவியத்துல திண்டதில்ல. இந்தக் கைக்கு ஒரு குறையும் வராது கா."

'கா' என்பது எங்கள் பக்கத்தில் ஆட்களை உரிமையோடு அழைக்கும் சொல். அவள் அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். மனம் உருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவளுடைய மாவு பொங்கவில்லை. ஊற்றிய அப்பமெல்லாம் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. அடுப்பை அணைத்தாள். அதற்கு அடுத்த நாளும் மூட்டவில்லை.

மனைவிதான் விசயத்தைக் கொண்டுவந்தாள். "இஞ்ச பாருங்க, நாவூறு பட்டுட்டு எண்டு சனம் கதைக்கிது. உங்கட வாயாலதான்."

கண் பட்டால் கண்ணூறு, வாய் பட்டால் நாவூறு. புகழ்ந்தால் அந்தப் பொருள் கெடும் என்று எங்கள் பகுதியில் எல்லாரும் நம்புவார்கள். நாங்கள் விசுவாசிகள், இதெல்லாம் நம்பலாமா என்று கேட்டேன். நம்பக்கூடாதுதான் என்றாள். அப்படியென்றால் நான் லொறி வாங்கிய அன்று அதைச் சுற்றி உப்பும் மிளகாயும் எரித்தது யார் என்று கேட்டேன். அது லொறி, அது வேறு என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னாள். அலை வருவதற்கு முதல்நாள், பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பெண்ணிடம் பலகாரம் வாங்கித் தின்றுகொண்டு, உனக்கென்ன, நல்ல புருசன், ஒரு குறையும் இல்லை என்று வாய் நிறையச் சொன்னாளாம். விடிந்தால் புருசன் இல்லை. "இப்ப நீங்க போய் அதே சொல்லையே சொல்லியிருக்கீங்க. இனி தன்ட புள்ளைக்கு என்னவும் வந்திரும் எண்டு அது அழுகுது."

நான் அன்று சாப்பிடவில்லை. இதைப் பெருமையாகவோ சிறுமையாகவோ சொல்லவில்லை, பசிக்கவில்லை.

போதகரிடம் போனேன். அவர் படித்தவர், நானே வந்து விளங்கப்படுத்துகிறேன் என்றார். இரண்டு பேரும் போனோம். பேச்சுக்கு அந்தச் சக்தி இல்லை, எல்லாம் கர்த்தர் கையில் என்று நன்றாகத்தான் எடுத்துச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா" என்றாள். எழும்பும்போது போதகர் மகளின் தலையைத் தடவி, "நல்ல வடிவான, கெட்டிக்காரப் புள்ள" என்றார். நாங்கள் படலையைத் தாண்டவில்லை, பின்னால் மிளகாய் எரிகிற புகை வந்தது. போதகர் சந்தி வரைக்கும் இருமிக்கொண்டே நடந்தார்.

அடுப்பு மூட்டாமலே நாட்கள் போயின. நிவாரண அரிசியும் நிற்கப்போகிறது என்று கதை. ஒருநாள் காலை, வாடிக்குப் போகிற வழியில் மனம் கேளாமல் அவள் வாசலில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது. வாய் திறக்கப் பயம், அதுவும் எனக்கு. வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மகளுக்கென்று கரைத்து வைத்த கொஞ்ச மாவில் ஒரு அப்பம் சுட்டுத் தந்தாள்.

நான் பொய் சொல்லப் பழகாதவன். அந்த அப்பம் கல்லுப் போல இருந்தது. பல்லில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தால் வாடி, வீடு என்று பார்க்காது.

"இதென்ன கா இது? அப்பமா, ஓட்டுத் துண்டா? இத என்ட வாடிக்கு அனுப்பு, அத்திவாரத்துக்குப் போடலாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று விளங்கியது. கையில் அப்பம் வைத்த கோப்பையோடு அப்படியே நின்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "கள்ளு சரியில்ல அண்ணன். நீங்க வாற எண்டு தெரிஞ்சா மரமேறுற ஆளிட்டச் சொல்லி நல்ல கள்ளு எடுத்திரிப்பன். நாளைக்கு வாங்க, பாப்பம்."

நாளைக்கு வாங்க. எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

மறுநாள் போனேன். அடுப்பு எரிந்தது, அப்பம் பூப்போல வந்திருந்தது. அதைச் சொன்னால் கெட்டேன். விளிம்பு கருகிப்போச்சு என்று ஏசினேன். அடுத்த நாள் சம்பலில் வெங்காயம் பெரிது என்றேன். தினமும் போனேன், தினமும் ஒரு குறை. சும்மா வேலை இல்லை இது. குறை கேட்டு வாங்க வந்தவன் திரும்பிப் போகக்கூடாது, அவளுக்குப் பயமும் வரக்கூடாது, அந்த அளவில் ஏச வேண்டும். படித்தவர்கள் செய்ய முடியாது. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணன்ட கல்லுல வெடிப்பு இல்லாத கல்லு ஒண்டு கொண்டாங்க, மறுகா என்ட அப்பத்தப் பத்திக் கதைப்பம்" என்று வரிசை கேட்கச் சொல்வாள். சனம் அப்பத்துக்குப் பாதி, இதைக் கேட்கப் பாதி என்று வந்தது. வலை கிழிந்த தோணிக்காரர் கூட ஒருநாள் என் கையைப் பிடித்தார். "அண்ணன், என்ட வலையையும் ஒருக்கா ஏசிப்போட்டுப் போங்க."

ஏசிப்போட்டுத்தான் போனேன். பிள்ளைகள், ஆடுகள், தோணிகள் எல்லாவற்றையும் ஏசினேன். கொட்டில்களில் என்னைக் கண்டால் பாய் விரித்தார்கள்.

போதகருக்குத்தான் இது பிடிக்கவில்லை. நல்ல வார்த்தை பேசச் சொன்னால் நீங்கள் ஊரையே ஏசித் திரிகிறீர்களாம் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய் அப்பம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றதும் அவர் முகம் மலர்ந்தது, புகழப் போகிறார் என்று தெரிந்து அவர் காலை மிதித்தேன். மனுசன் கஷ்டப்பட்டு யோசித்து, "சம்பல் கொஞ்சம் உறைப்பு" என்றார். அவள் முகம் வெளிச்சமானது. "ஐயாவுக்கு இன்னொண்டு போடட்டா?" என்றாள்.

வரும் வழியில் நான் சொன்னேன்: கேட்கிற ஆள் நடுங்கினால் அது எப்படி ஐயா நல்ல வார்த்தையாகும்? அடுத்த ஞாயிறு அதை அப்படியே பிரசங்கத்தில் சொன்னார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. எழும்பி நின்று சொல்லலாமா என்று பார்த்தேன். மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பவும் சண்டை மூண்ட காலம் முழுவதும் இப்படியே போனது. இராணுவம் ஊரைச் சுற்றிவளைக்கிற நாளில் மட்டும் அடுப்பு எரியாது. பிறகு சண்டை முடிந்தது, வீதியில் மூட்டை அடுக்கி வைத்திருந்த சோதனைச் சாவடிகள் கழன்றன. அவள் பெரிய வீதியில் ஒரு கடை எடுத்தாள், அதன் சுவரும் என்னுடைய கல்தான். மகள் உயர்ந்து, தாயை விட வடிவாக வளர்ந்திருந்தாள். இதை எழுதலாம், சொல்லத்தான் கூடாது. கடை திறந்த அன்று ஊரே வந்து நின்றது. முதல் அப்பத்தை என் கையில் தந்தாள். நானும் குறை ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன், பெயர்ப்பலகை சரிவு என்று.

வாய் திறக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இண்டைக்கு ஏச வேணாம் அண்ணன். நல்லதாச் சொல்லுங்க. கேக்கிறன்."

அவள் ஒரு கையால் மகளின் கையைப் பிடித்திருந்தாள். இறுக்கித்தான் பிடித்திருந்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரசியல்வாதி முன்னால் கூடத் தடுமாறாத எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை காலமும் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் ஒன்றாக வெளியே வரப் பார்த்தது.

"நல்லாரிக்கி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் தலையை ஆட்டினாள். மகளின் கையை விட்டுவிட்டு, அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.

எனக்கு நாவூறில் நம்பிக்கை இல்லை. என்றாலும் மறுநாள் விடியமுன்னமே எழும்பினேன். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு வாடிக்கு என்றேன். கடைக்கு முன்னால் போனால் வாசல் தெரியவில்லை, அவ்வளவு சனம். சைக்கிளை நிறுத்த இடமில்லாமல் மதிலில் சாத்திவிட்டு, இடித்துப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பம் மேலே அப்பமாக அடுக்கியிருந்தது.

அவள் என்னைக் கண்டுவிட்டாள். "என்ன அண்ணன், இண்டைக்கு என்ன குறை?"

"இருக்க ஒரு இடமில்ல" என்று கத்தினேன். "இதுவும் ஒரு கடையா கா?"