வின்னியின் மைப்பேனா

"இது ஒண்ணுதானா? இன்னொரு காகிதம் எங்கே?" என்று கையை நீட்டியபடி நிற்கிறார் வின்னி கேரிட்டி அம்மாள். பாஸ்டனிலிருந்து வந்தவர் முழிக்கிறார். "இந்த ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு பேட்ரிக் மர்ஃபி மேலதான் விழும். எவன் உங்க கொள்ளுத்தாத்தான்னு ஒத்தைக் காகிதம் சொல்லுமா?"

லிவர்பூல் நூலகத்தின் மேல்மாடியில் வாரம் மூன்று காலைப்பொழுது இப்படித்தான் போகும். பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி இங்கே கரையிறங்கியவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு வின்னி சம்பளமில்லாத வழிகாட்டி. காதில் பென்சில், கழுத்தில் நூல் கட்டிய ரப்பர். சந்தேகமான பெயர் பென்சிலில். இரண்டு காகிதம் ஒத்துப்போனால் மட்டுமே கைப்பையிலிருந்து மைப்பேனா வெளியே வரும்.

செத்தவர்கள் பொய் சொன்னாலும் வின்னி விடுவதில்லை. "கூடக் குடியிருந்தவளைத் தங்கச்சின்னு எழுதிக் கொடுத்திருக்கான் படுபாவி. அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிட்டான், நான் மூணு வருஷம் அலைஞ்சேன்" என்று நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்புத் தாளைப் பார்த்துத் திட்டுவார்.

அவருடைய சொந்த வம்சத்தில் ஒரு கோடு மட்டும் அழுத்தமான மையில் இருந்தது. எள்ளுப்பாட்டி ஆன் டியர்னனின் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துக்குப் பதிலாக எழுதத் தெரியாதவர் போடும் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஹொனோரா டக்கன் என்ற பெயர். முதல் குழந்தையின் ஞானஸ்நானத்திலும் ஞானத்தாய் அதே ஹொனோரா. குடும்பப் பெயர் வேறு என்பதால், கட்டிக்கொடுத்த அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று வின்னி முடிவு கட்டினார். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனபோது, ஆற்றுக்கு அக்கரையில் ஹொனோராவின் பேரன் வழியில் டெஸ் டக்கன் கிடைத்தார். கப்பலுக்கு வண்ணமடித்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். வின்னிக்கும் வேறு யாரும் இல்லை. பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் படகேறிப் போகிறார். "வாம்மா சொந்தக்காரி" என்று டெஸ் கதவைத் திறப்பார். ஆட்டுக்கறிக் குழம்பில் உப்பு கரிக்கும். வின்னி சொன்னதில்லை.

போன மாதம் யாருக்காகவோ அதே தேவாலயத்தின் ஒரு வருடத்துப் பதிவேட்டை முழுக்கப் புரட்டினார். முப்பத்தொரு திருமணத்தில் ஹொனோராவின் பெருக்கல் குறி. ஓரிடத்தில் பாதிரியாரே குறித்திருந்தார்: கோயில் பெருக்குகிறவள். கப்பலிலிருந்து இறங்கி, சாட்சிக்குக்கூட ஆளில்லாமல் வந்து நின்றவர்களுக்கெல்லாம் அவள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றிருக்கிறாள். பிள்ளை பிறந்தால் ஞானத்தாயும் அவளே. அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.

தானே இப்படி ஏமாந்தோமே என்று வின்னிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சளி என்று சாக்குச் சொல்லி இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டெஸ் கரண்டியோடு நின்று கேட்டார். "அப்ப முப்பத்தியொரு வீட்டுக்கு அவ ஒருத்திதான் சொந்தமா" என்றார். குழம்பைக் கிளறிவிட்டு, "உப்பு பாரு" என்று கரண்டியை நீட்டினார்.

நேற்று டெஸ்ஸுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது வின்னிதான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவர் என்ன உறவு என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். டெஸ் அதை வின்னியிடம் தள்ளினார்.

"தெரிஞ்சவங்கன்னு போட்டுடும்மா. நீதான் பொய் எழுத மாட்டியே" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

வின்னி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டார். மைப்பேனாவைத் திறந்து, 'ஒன்றுவிட்ட சகோதரி' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார்.