பட்டுடுத்திய கொழுந்துக்காரி

எங்கள் அலுவலகக் கணினியில் ஆசியாவுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. சிவப்புக் காகித விளக்கு, அடுக்குக் கோபுரம், நெற்றிப்பட்டம் கட்டிய யானை, வெண்தாடி ஞானி. குழந்தைகளுக்கான சாகச கார்ட்டூனில் பையன் கிழக்கே எங்கே போனாலும் அதிலிருந்து நாலைந்தை எடுத்து ஒட்டிவிடுவோம். சீனாவும் சிலோனும் அதில் ஒரே ஊர். கனடாவுக்கு வந்து பின்னணி ஓவியம் வரையும் இந்த வேலையில் சேர்ந்த புதிதில் சிரிப்பு வந்தது. இப்போது அதைத் திறக்கவே கை கூசுகிறது.

போன வருடம் அந்தப் பையன் மந்திர இலையைத் தேடி ஒரு தேயிலை மலைக்கு வந்தான். நான் கேட்டு வாங்கி வரைந்தேன். குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட், சில்வர் ஓக் மரங்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் தகரக் கூரை லயம் எல்லாம் வந்தன. கொழுந்து பறிக்கும் பெண்களில் முன்னால் நிற்பவள் என் அக்கா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா போனபின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்குப் போனவள் அக்காதான். நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் செடிகள் இடுப்பளவுக்கு நனைந்து நிற்கும். வயிற்றில் ஈரம் ஏறாமலிருக்க இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்வார்கள். படங்கு என்போம். படங்கு இல்லாமல் அக்காவை எனக்கு நினைக்கவே வராது. "உன்னையும் வரைஞ்சிருக்கேன்க்கா" என்று போனில் சொன்னேன். லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இயக்குநர் எமிலி நல்லவள்தான். "அழகு. ஆனால் இடுப்பில் ஏன் குப்பைப் பை?" என்று கேட்டாள்.

"ஈரம் ஏறாமலிருக்க."

"ஓ, மந்திரக் கவசமா?"

"இல்லை. குளிரும்."

"குழந்தைகள் பார்ப்பது. சந்தோஷமாக இருக்கட்டுமே."

படங்கு போய்ச் சரிகைப் பட்டு வந்தது. லயம் இருந்த இடத்தில் அடுக்குக் கோபுரம் எழுந்தது. மழையை நிறுத்த எங்கள் எஸ்டேட் துரைக்கே முடிந்ததில்லை; எமிலி ஒரே சொடுக்கில் நிறுத்திவிட்டாள். இலைகளில் மட்டும் ஈரம் மினுங்க விட்டாள். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அது வெளியான ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடி ஒரு போனில் பார்த்திருக்கிறார்கள்.

"மரத்தப் பாத்ததுமே நம்ம மலைன்னு சொல்லிட்டேன் கண்ணு. என்னையத்தான் காணல. நீ எதுடின்னு எல்லாரும் கேக்குறாளுக. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டோம்."

உன்னை அழித்துவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"முன்னால நிக்கிறது நீதான்க்கா. பச்சைப் பட்டு."

மறுபடி ஓட விட்டுப் பார்த்தாள். கார்ட்டூனின் புல்லாங்குழல் எனக்கும் கேட்டது.

"இவளா?" என்றாள். அப்புறம் குரல் தணிந்தது. "செடியெல்லாம் நனைஞ்சு நிக்குதே கண்ணு. படங்கு கட்டாம எறக்கி விட்டிருக்கியே. எனக்கு வயிறு இழுத்துக்காதா?"

கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"அடுத்த தடவை கட்டி விடுறேன்க்கா."

இங்கே ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். போனில் தகரத்தின் மேல் குன்னூர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் என் அக்கா, பட்டுச் சேலையோடு, சிரித்த முகமாக ஈரத்தில் நின்றாள்.